களஞ்சியத்தின் திறப்பு யார் கையில்?

தாய்க்கும் சேய்க்கும் வரும் நிவாரணத்தைப் பங்கிடுதல்: மாதர் சங்கங்களுக்கு ஒரு பாடம்

லொறி வருகிறது என்ற சொல் ஊருக்குள் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிறகும், 1990 யூனில் தொடங்கிய இடப்பெயர்விலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளின் பின்னும், 2007இல் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்தபோதும், 2011 ஜனவரி வெள்ளத்திலும் வரிசையில் நின்றவர்கள் நீங்கள். பலர் இவற்றுள் மூன்று வரிசைகளிலாவது நின்றிருப்பீர்கள். சிறுமியாகத் தாயின் கையைப் பிடித்து நின்றவள், பிறகு தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இந்தப் பாடம் மேசைக்கு மறுபக்கத்தில் நிற்பதைப் பற்றியது. மாரி மழை ஆண்டுதோறும் வருகிறது; வாவியும் குளங்களும் நிரம்பி வழிவது நமக்குப் புதிதல்ல. அடுத்த முறை பொருள் வரும்போது அதைப் பங்கிட்டுத் தரும்படி உங்கள் மாதர் சங்கத்தைத்தான் கேட்பார்கள். அப்போது எதைக் கொடுப்பது, யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க நேரம் இராது. ஆகவே இப்போதே யோசித்து வைப்போம்.

பால்மா ரின்கள்

2005ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் நான் குருமட மாணவன். கரையோரத்துப் பாடசாலையொன்றில் இருந்த முகாமில் பொருள் இறக்கிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வந்த பொருள்களுள் குழந்தைப் பால்மா ரின்களும் பால் போத்தல்களும் பெட்டி பெட்டியாக இருந்தன. ரின்னில் இருந்த எழுத்து எந்த மொழி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கைக்குழந்தையோடு வந்த தாய்மாருக்கு ஆளுக்கு இரண்டு ரின்னும் ஒரு போத்தலும் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அன்று கொடுத்த பொருள்களில் அதைவிட நல்லது வேறொன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தாய் என்னிடம் வந்து, “பிரதர், இந்த மா முடிஞ்சா அடுத்தது எப்ப வரும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய பிள்ளைக்கு மூன்று மாதம். கடற்கோளுக்கு முந்திய நாள்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளை. இப்போது போத்தலுக்குப் பழகிவிட்டது. அவளுக்கோ பால் குறைந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வயிற்றோட்டத்தோடு ஆசுபத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது, இறைவனுக்கு நன்றி. ஆனால் அந்தப் போத்தலைக் கொடுத்த கை என்னுடையது. இருபது வருடங்களுக்கு மேலாகியும் அதை நான் மறக்கவில்லை.

என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்வோம். தாய்ப்பால் சுரப்பது பிள்ளை உறிஞ்சுவதால். பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். போத்தலால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குறைவாக உறிஞ்சும், பால் குறையும், பால் குறைந்தால் இன்னும் ஒரு போத்தல் தேவைப்படும். இரண்டு ரின் முடிவதற்குள் இந்தச் சுற்று முழுமையாகிவிடும். அடுத்தது தண்ணீர். கடற்கோளுக்குப் பின் நமது கரையோரக் கிணறுகளில் உப்பு நீர் புகுந்து பல மாதங்கள் குடிக்க முடியாமல் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். போத்தலையும் சூப்பியையும் கொதிநீரில் அவிக்க விறகும் பாத்திரமும் வேண்டும். முகாமில் ஒரு சோற்றுப் பானைக்கே விறகில்லாதபோது போத்தல் அவிப்பது எப்படி?

இது எங்கள் முகாமில் மட்டும் நடந்த தவறன்று. 2006 மே மாதம் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோதும் நன்கொடைப் பால்மா ஏராளமாக வந்து குவிந்தது. பின்னர் அங்கே ஆய்வு செய்தவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நன்கொடைப் பால்மா பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கும், பெறாதவர்களில் ஏறக்குறைய 12 பேருக்கும் ஒரு வாரத்துக்குள் வயிற்றோட்டம் இருந்ததாகக் கண்டார்கள். கொடுத்ததனால் நோய் இரண்டு மடங்கு.

இதை உலகம் முன்பே அறிந்திருந்தது என்பதுதான் வருத்தம். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விளம்பரப்படுத்தி இலவசமாகக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை உலக சுகாதார மாநாடு 1981இல் ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் இலங்கையும் தனக்கென ஒரு கோவையை வகுத்தது. 1994இல் அதே மாநாடு, அனர்த்த காலத்தில் பால்மா நன்கொடை தவிர்க்க முடியாத குழந்தைகளுக்கு மட்டுமே போகவேண்டும் என்றும், அந்தக் குழந்தைக்குத் தேவையான காலம் முழுவதும் அது தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்றும் தீர்மானித்தது. குருமடத்தில் நாங்கள் இறையியலும் மெய்யியலும் படித்தோம். இதை எவரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

ஆகவே உங்கள் சங்கத்துக்குப் பால்மாவும் போத்தலும் வந்தால் தாய்மாருக்குப் பங்கிட வேண்டாம். பிரதேசத்து சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு அறிவித்து அங்கே ஒப்படையுங்கள். தாயை இழந்த குழந்தைக்குப் பால்மா தேவைதான். அந்தக் குழந்தையைக் குடும்பநல உத்தியோகத்தர் நேரில் பார்த்து, பராமரிப்பவருக்குச் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்வார். போத்தலுக்குப் பதிலாகக் கோப்பையால் பருக்குவது கழுவுவதற்கும் எளிது. பெரியவர்கள் தேநீருக்குப் பாவிக்கும் சாதாரணப் பால்மா வந்தால், அதையும் தனியாகக் கொடுக்காமல் மாவோடு கலந்து கொடுப்பது நல்லது. தனியாகக் கொடுத்தால் அது எப்படியும் போத்தலுக்குள் போய்விடும்.

“பயத்தில பால் வத்திப் போச்சு” என்று முகாம்களில் சொல்லுவார்கள். அதிர்ச்சியில் பால் இறங்கச் சற்றுத் தாமதிக்கலாம். ஆனால் சுரப்பு நிற்பதில்லை. பிள்ளையை அடிக்கடி மார்பில் விட்டால் திரும்ப வரும். அந்தத் தாய்க்கு வேண்டியது ஒரு ஒதுக்கான இடம், குடிக்கத் தண்ணீர், வயிறு நிறையச் சாப்பாடு, பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு பெண். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறியும் பால்சுறாவும் சமைத்துக் கொடுத்த கிழவிமார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். குழந்தைக்காக வந்த பணத்தைத் தாயின் சாப்பாட்டுக்குச் செலவிடுங்கள் என்று நன்கொடையாளரிடம் சொல்வதற்குச் சங்கம் கூச்சப்பட வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஒரு பைக்கற் திரிபோஷா, ஆறு வாய்

திரிபோஷா 1973இல் இந்த நாட்டில் தொடங்கியது. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றோடு விற்றமின்களும் தாதுப்பொருள்களும் சேர்ந்த மா அது. கர்ப்பிணித் தாய்மாருக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம்வரையான தாய்மாருக்கும், நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுப்பார்கள். ஒரு பைக்கற் 750 கிராம். ஒருவருக்கு மாதம் இரண்டு பைக்கற். அதாவது 1,500 கிராம். நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கு அது.

இனி வீட்டுக்குள் வருவோம். வயல் வெள்ளத்தில் போனது, தகப்பனுக்குக் கூலியில்லை, வீட்டில் ஆறு பேர். நிறை குறைந்த ஒரு பிள்ளைக்காக வந்த மாவை அந்தத் தாய் என்ன செய்வாள்? நெய்யோ சீனியோ சேர்த்து உருண்டை பிடித்து ஆறு பேருக்கும் கொடுப்பாள். 1,500 கிராமை ஆறாகப் பிரித்தால் ஒருவருக்கு 250 கிராம். நாளொன்றுக்கு எட்டுக் கிராம், ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. அடுத்த மாதம் தராசில் பிள்ளையின் நிறை ஏறியிராது. கிளினிக்கில் தாய்க்கு ஏச்சு விழும்.

அந்தத் தாயில் நான் குற்றம் காணமாட்டேன். பசித்திருக்கும் அக்காவுக்கு முன்னால் தம்பிக்கு மட்டும் ஊட்டும் தாயை நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. பிழை கணக்கில் இருக்கிறது. அனர்த்த காலத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 2,100 கலோரி உணவு வேண்டும் என்பது சர்வதேச நிறுவனங்கள் வைத்துள்ள பொது அளவு. குடும்பத்தின் பொது உணவு இந்த அளவுக்கு எட்டாவிட்டால், பிள்ளைக்கென்று கொடுப்பது எதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேராது. ஆகவே உங்கள் சங்கத்துக்குச் சத்துமா வந்தால், “இந்த வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் வந்ததா?” என்பதை முதலில் விசாரியுங்கள். வரவில்லையென்றால் அதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதுவும் பங்கீட்டு வேலையின் ஒரு பகுதியே.

பொது உணவு வரும்வரை ஒரு வழி உண்டு. பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிக் காலையில் கஞ்சி காய்ச்சி அங்கேயே குடிக்கக் கொடுப்பது. தேங்காய்ப்பாலும் கீரையும் சேர்த்த இலைக்கஞ்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காலையில் சங்கத்தில் குடித்த பிள்ளைக்கு வீட்டில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிடும் பழக்கம் உண்டு. தாய்மாரிடம் இதைப் பற்றி முதல் நாளிலேயே பேசிவிட வேண்டும்.

திரிபோஷாவும் எப்போதும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டினால் அதன் உற்பத்தி தடைப்பட்டதை அனுபவித்தீர்கள். சோளத்தில் பூஞ்சண நஞ்சு பற்றிய பிரச்சினையும் அப்போது எழுந்தது. சேனையில் நாம் விதைக்கும் சோளமும் கச்சானும் பயறும் இந்த மாவின் உறவுகள்தான். மூன்று சுண்டு அரிசி அல்லது சோளம், ஒரு சுண்டு பயறு, ஒரு பிடி கச்சான்: தனித்தனியே வறுத்து, இடித்து அரித்து, காற்றுப் புகாத ரின்னில் வைத்தால் ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு நல்ல மா. கச்சானையும் சோளத்தையும் நன்றாகக் காயவைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததையும், நிறம் மாறிச் சுருங்கியதையும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. வறுத்தாலும் அந்த நஞ்சு முற்றாகப் போகாது.

ஒரு வளவு, மூன்று உலை

கொழும்பிலிருந்து வரும் படிவங்களில் “குடும்பத் தலைவர்” என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை வரைந்தவர் மட்டக்களப்பு வளவொன்றுக்குள் வந்திருக்கமாட்டார். நமது வழக்கத்தில் வீடு மகளுக்குப் போகிறது. குடியும் தாய்வழியே வருகிறது. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் இங்கே வருகிறான். அடுத்த வீடு கட்டும்வரை தாயும் தகப்பனும் மூத்த மகள் குடும்பமும், சில வேளை இளைய மகள் குடும்பமும் ஒரே கூரையின் கீழ். இடப்பெயர்வில் வீடிழந்து வந்தால் சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வீடு. படிவத்தில் ஒரு வரி. கிடைப்பது ஒரு பொதி.

உள்ளே மூன்று உலை கொதிக்கிறது. ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி, ஒருத்தி பாலூட்டுகிறாள். பொதி மூத்தவர் பெயரில் வந்ததால் அவர் சொன்னபடி பிரியும்; இளைய மகள் வாய் திறக்கமாட்டாள். சங்கத்தார் பதியும்போது கூரையை எண்ணாமல் உலையை எண்ணுங்கள். “இந்த வளவுக்குள்ள எத்தனை உலை வைக்கிற?” என்ற ஒரு கேள்வி போதும். ஒவ்வொரு உலைக்கும் அதை வைக்கும் பெண்ணின் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். தாய்க்கும் பிள்ளைக்குமான பொருள் அந்தப் பெண்ணின் கையொப்பத்துக்கே போக வேண்டும். நமது ஊரில் வீட்டுச் சொத்துக்கே பெண்தான் உரித்தாளி என்றால், ஒரு சவர்க்காரப் பொதிக்குக் கையெழுத்துப் போட அவளுக்கு உரிமையில்லையா?

உலையை எண்ணத் தொடங்கினால் சிலர் இல்லாத உலையையும் காட்டுவார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். அதற்காக முறையைக் கைவிட வேண்டியதில்லை. பதிவை அந்தத் தெருப் பெண்கள் பத்துப்பேர் முன்னிலையில் உரக்க வாசியுங்கள். பொய் உலை தானாக அவிந்துவிடும்.

நிரப்ப முடியாத கட்டம்

2007 மே மாதம் படுவான்கரைக்கு மக்கள் திரும்பத் தொடங்கியபோது பதிவு வேலைக்கு நானும் உதவிக்குப் போனேன். வவுணதீவுப் பக்கத்தில் ஒரு மரத்தடி. படிவத்தில் “விதவை” என்று ஒரு கட்டம். அதில் சரி போட்டால் அந்தத் தாய்க்குக் கூடுதலாக ஒரு பொதியும் பிள்ளைகளுக்கு உடுப்பும் உண்டு. சுமார் முப்பது வயதுப் பெண் ஒருத்தி மூன்று பிள்ளைகளோடு வந்தாள். கணவர் எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்றாள். நான் பேனையை “விதவை” கட்டத்துக்குக் கொண்டுபோனேன். அவள் கையால் தாளை மூடினாள். “விதவை எண்டு எழுதாதீங்க பிரதர். அவர் வருவார்.”

நெற்றியில் பொட்டு இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கட்டத்தில் சரி போடாததால் அவளுக்குக் கூடுதல் பொதி இல்லை. விதி அப்படி. அன்று நான் விதியைப் பின்பற்றினேன். பின்னேரம் எல்லாப் பொதியும் கொடுத்து முடிந்தபோது இரண்டு மீதியாகக் கிடந்தது. அவளுடைய வீட்டைத் தேடிப் போனேன், அவள் வாங்கவில்லை. “பட்டியல்ல இல்லாததை நான் எடுத்தா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?” என்றாள். அவள் சொன்னது நியாயம்.

காணாமற் போனவரின் குடும்பம் அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே உதவி பெறுவதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 2016வரை ஆயிற்று. அந்த ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற் போயுள்ளார் என்ற சான்றிதழைப் பெற வழி வந்தது. நாட்டுக்கு அவ்வளவு காலம் எடுத்தது. ஒரு கிராமத்துச் சங்கத்துக்கு ஒரு நாள் போதும். படிவத்தில் “விதவை” என்ற சொல்லை வெட்டிவிட்டு, “வீட்டில் உழைக்கும் ஆண் இல்லை” என்று எழுதுங்கள். கணவர் இறந்தவளும், காணாமற் போனவளும், விட்டுப் போனவளும், மத்திய கிழக்குக்குப் போன மகளின் பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாவும் அதற்குள் அடங்குவார்கள். காரணத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. பொதிக்கு விலையாக ஒரு பெண் தன் நம்பிக்கையைக் கொடுக்க வேண்டிய நிலையை நமது சங்கம் உண்டாக்கக்கூடாது.

எருசலேமில் எழுந்த முறைப்பாடு

பங்கீட்டுச் சண்டை நமது முகாம்களில் தொடங்கியதன்று. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் கைம்பெண்களுக்கு நாள்தோறும் உணவு பங்கிட்டார்கள். அங்கே இரண்டு மொழிக்காரர் இருந்தார்கள். கிரேக்கம் பேசியோரின் கைம்பெண்கள் பந்தியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் முறைப்பாடு செய்தவர்களை அடக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டி, நல்ல பெயர் உள்ள ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று விட்டார்கள். தெரிவான ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, விடுபட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே களஞ்சியம் ஒப்படைக்கப்பட்டது. இந்தப் பகுதியை நாங்கள் பெரும்பாலும் திருத்தொண்டர் திருநிலைப்பாட்டின்போது மட்டும் வாசிக்கிறோம். முகாமில் வாசிக்க வேண்டிய பகுதி இது.

இன்னொரு பழைய கதை. 1617இல் பிரான்சில் ஷத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாக இருந்தார். ஒரு வீட்டில் எல்லோரும் நோயுற்றுப் பட்டினி கிடக்கிறார்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். அன்று பின்னேரம் அவர் அந்த வீட்டுக்குப் போகும் வழியில் ஊர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உணவு கொண்டுபோவதும் வருவதுமாக இருந்தார்கள். குரு மகிழ்ந்தார், உடனே யோசித்தார். இன்று இவ்வளவு உணவு, பாதி பழுதாகும். நாளை மறுநாள் அந்த வீட்டில் மீண்டும் பட்டினி. சில நாட்களில் அந்தப் பெண்களை ஒன்றுகூட்டி, யார் எந்த நாள் சமைப்பது என்று முறை வைத்தார். நோயாளியிடம் எப்படிப் போய், எப்படிப் பரிமாறுவது என்பதுவரை எழுதி வைத்தார். அவருடைய அறச் சங்கங்களின் தொடக்கம் அதுதான். கடற்கோளுக்குப் பிறகு கரையோர முகாமில் ஒரே நாளில் ஐந்து சோற்றுப் பார்சல் வந்து நாய்க்குப் போட்டதும், மூன்றாம் வாரம் ஒன்றும் வராததும் உங்களுக்கு நினைவிருக்கும். குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள் தெருவோரம் குவிந்து கிடந்ததும் அந்த நாட்களில்தான். அந்த வேளையில் பெண்களுக்கு உள்ளாடையும் மாதத் துணியும் இல்லை. கேட்க வெட்கம், கேட்பவர்களும் ஆண்கள். உங்கள் சங்கத்துத் தேவைப் பட்டியலில் அவற்றை முதல் வரியில் எழுதுங்கள். மூடியுள்ள வாளி, சவர்க்காரம், நுளம்பு வலை, பாய், ரோச் என்பன அடுத்த வரியில்.

எங்கே, எந்த நேரம்

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த வழியில் தோணியும் பாதையுமே துணை. குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் சிலருக்கு ஆயுளில் ஒரு வருடம் வரும். அப்படி இருந்தும் எழுவான்கரை மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்குப் பங்கீடு என்று அறிவிப்பார்கள். மண்டபம் கொடுப்பவருக்கு வசதி. கர்ப்பிணி விடியப் புறப்பட்டு, வெயிலில் நின்று, ஐந்து கிலோ மாவைச் சுமந்து இருட்டில் திரும்புவாள். பொருள் வாவியைக் கடக்க வேண்டும், தாய் கடக்கக்கூடாது. கிளினிக் நடக்கும் நாளையும் இடத்தையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, அதே நாளில் பங்கிட்டால் ஒரு பயணம் மிச்சம். பிள்ளையின் நிறையும் பார்த்தாயிற்று. அறுவடை நாட்களில் பங்கீடு வைக்காதீர்கள். கூலிக்குப் போன பெண் அன்று வரமாட்டாள். வராதவளின் பொதி எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிறுவை வெளியில் நடக்கட்டும். தராசை மேசைக்கு முன்னால், எல்லோரும் முள்ளைப் பார்க்கும்படி வையுங்கள். சுண்டால் அளந்தால் ஒரே சுண்டு; தலைகட்டி அளப்பதா தலைதட்டி அளப்பதா என்பதை முதல் ஆளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். திறப்பு ஒருத்தியிடம், பதிவேடு மற்றவளிடம், நிறுவை மூன்றாமவளிடம். மூவரும் ஒரே குடியாகவோ ஒரே தெருவாகவோ இராதபடி பாருங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் யாருடைய பிள்ளை நிறை குறைந்தது, யாருடைய வீட்டில் ஆண் இல்லை என்பவை சுவரில் ஏறக்கூடாது. அவை பதிவேட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நம்மைப் பற்றிய சந்தேகம்

குருவானவர் எழுதும் கட்டுரையில் இதையும் சொல்லாமல் விடமுடியாது. கோவில் ஆட்களுக்குத்தான் கொடுப்பார்கள், வாங்கினால் ஞானஸ்நானம் கேட்பார்கள் என்று நம்மைப் பற்றியும் பேச்சு உண்டு. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அந்தப் பேச்சு நாடு முழுவதும் கேட்டது. பேச்சு முழுவதும் பொய் என்று சொல்ல நான் தயாராக இல்லை. திருப்பலி முடிந்தபிறகு ஆலய வாசலில் பொருள் கொடுத்த பங்குகளை நான் பார்த்திருக்கிறேன். எண்ணம் தவறானதாக இராமல் இருக்கலாம். வெளியில் நின்ற சைவத் தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் அது என்ன சொல்லிற்று? 1994இல் செஞ்சிலுவை இயக்கத்தோடு கரித்தாஸ் சர்வதேச அமைப்பும் சேர்ந்து முன்வைத்த பத்து அம்ச நடத்தைக் கோவை, உதவி இனமதம் பாராமல் தேவையை மட்டும் பார்த்துச் செல்ல வேண்டும் என்கிறது. அரசியலுக்கோ சமயத்துக்கோ அதைக் கருவியாக்கக்கூடாது என்கிறது. நம் பெயரால் கையொப்பமிடப்பட்ட கோவை அது. ஆகவே பங்கீடு ஆலய வளவில் வேண்டாம்; பாடசாலையில் அல்லது பலநோக்கு மண்டபத்தில் நடக்கட்டும். எல்லைக் கிராமமாயின் பக்கத்து ஊர் முஸ்லிம் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைப் பார்வையாளராக அழையுங்கள். வெள்ளம் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் வந்தது.

கூட்டத்துக்கான பயிற்சி

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் உங்கள் தெருவின் படமொன்றைப் பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் வரையுங்கள். ஒவ்வொரு வளவிலும் உலைகளை அடுப்புக் குறியால் காட்டுங்கள். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஆகியோருக்கு மூன்று நிறப் பொட்டு வையுங்கள். பிறகு பேசுங்கள்: 2007இலும் 2011இலும் இந்தத் தெருவில் எந்த உலைக்குப் பொருள் வரவில்லை? ஏன் வரவில்லை? அன்று நாங்கள் யாராவது அதைக் கேட்டோமா? விடுபட்ட அந்த உலைகளைச் சேர்ந்த பெண்களில் யாரைத் திறப்பு வைத்திருக்கக் கேட்கலாம்?

படத்தைச் சங்கக் கட்டிடத்தின் பெட்டியில் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். வெள்ளம் ஏறும் அளவுக்கு மேலே, கூரைத் தீராந்தியில் கட்டி வைத்தால் இன்னும் நல்லது.